கீ, ஸ்கேல், கட்டை: கீபோர்டு பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கீபோர்டு வாங்கி இரண்டு மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் குழப்பம் வருகிறது. சி மேஜர் வாசிக்க வந்துவிடும். "இப்போது ஜி மேஜர்" என்றதும் எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கட்டை உள்ளே நுழையும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்து மறந்தேன். வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும் இவை.

"என்ன ஸ்கேல்?" என்கிறார் கிடார்காரர், "எத்தனை கட்டை?" என்கிறார் பாடகர், புத்தகத்தில் "கீ" என்று இருக்கிறது. மூன்றும் ஒன்றா?

மேடைப் பேச்சில் ஒன்றுதான். மூன்று பேரும் கேட்பது "ஸட்ஜம் (ஸ ரி க ம வரிசையின் முதல் ஸ்வரமான ஸ) எங்கே?" என்பதைத்தான். கொஞ்சம் துல்லியமாகச் சொன்னால் வித்தியாசம் உண்டு.

கட்டை என்பது ஹார்மோனியத்திலிருந்து வந்த கணக்கு. சி வெள்ளைக் கட்டையில் தொடங்கி வெள்ளைகளை மட்டும் எண்ண வேண்டும்: சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் உள்ள கறுப்புகள் அரைகள். சி ஷார்ப் (சியை ஒட்டி வலப்பக்கம் உள்ள கறுப்பு) ஒன்றரை, டி ஷார்ப் இரண்டரை, எஃப் ஷார்ப் நாலரை, இப்படி. "ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்" என்றால் அவருடைய ஸட்ஜம் ஜி ஷார்ப்பில் இருக்கிறது.

ஸ்கேல் என்பது ஸ்வரங்களைக் கீழிருந்து மேலாக அடுக்கிய வரிசை. கீ என்பது ஒரு பாட்டு எந்த ஸ்வரத்தை வீடாக வைத்துக்கொண்டிருக்கிறது, அந்த வீட்டைச் சுற்றி எந்த ஸ்வரங்கள் புழங்குகின்றன என்பது. பாட்டு எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் வந்து உட்கார்ந்தால் "அப்பாடா" என்று இருக்கும் இடம்தான் வீடு.

மேஜர் ஸ்கேல் என்றால் என்ன?

ஒரு எண் வரிசை: 2, 2, 1, 2, 2, 2, 1. அவ்வளவுதான்.

கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டியுள்ள அடுத்த கட்டைக்குப் போவதை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். கறுப்போ வெள்ளையோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அது. இதைத்தான் ஹாஃப் ஸ்டெப், செமிடோன் என்கிறார்கள். கீழ் சியிலிருந்து மேல் சிக்கு இப்படி 12 படிகள். மேலே சொன்ன ஏழு எண்களைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 12தான்.

சியில் விரலை வையுங்கள். இரண்டு படி: டி. இரண்டு: இ. ஒன்று: எஃப். இரண்டு: ஜி. இரண்டு: ஏ. இரண்டு: பி. ஒன்று: மேல் சி. ஒரு கறுப்புகூடத் தேவைப்படவில்லை. சி மேஜர் சுலபம் என்பதற்கு வேறு காரணமே இல்லை. வெள்ளைக் கட்டைகளை அடுக்கியதே இந்த வரிசைக்குப் பொருந்துகிற மாதிரிதான்.

இ–எஃப் நடுவிலும் பி–சி நடுவிலும் ஏன் கறுப்பு இல்லை?

அந்த இரண்டு இடங்களில்தான் வரிசையில் '1' வருகிறது. வெள்ளைக்கு வெள்ளை ஒரே படி தூரம் என்பதால் நடுவில் செருக எதுவுமில்லை. அதனால்தான் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. யாராவது "எனக்கு மூன்றரை" என்று சொன்னால் சிரிக்காமல் மூன்றையும் நாலையும் வாசித்துக் காட்டி, எது வசதி என்று கேளுங்கள்.

இது நம் சங்கராபரணம்தானே?

ஸ்வரங்களைப் பொறுத்தவரை, ஆமாம். 29ஆவது மேளகர்த்தாவான (ஏழு ஸ்வரங்களும் உள்ள தாய் ராகமான) தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்களும் மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்களும் ஒன்றே: ஸட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினாரே, அந்த நோட்டுஸ்வரங்கள் இந்த ராக ஸ்வரங்களில்தான் அமைந்தன. பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டும் அவற்றில் ஒன்று.

ஆனால் ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் மட்டுமல்ல. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது), பிடிகள் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைகள்), எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் சங்கராபரணம். சி மேஜரை மேலும் கீழும் வாசித்துவிட்டு "சங்கராபரணம் வாசித்தேன்" என்று பாட்டு வாத்தியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஒற்றுமையால் நமக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவருக்கு "ஸ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ராகம் மாறாது" என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் சங்கராபரணம் சங்கராபரணம்தான். மேஜர் ஸ்கேலும் அதேதான். பன்னிரண்டு மேஜர் ஸ்கேல் இருக்கிறதே என்று பயப்படுகிறார்கள். இருப்பது ஒன்றுதான், அது பன்னிரண்டு கட்டையில் உட்காரும்.

அப்படியானால் ஜி மேஜரில் ஏன் எஃப் ஷார்ப்?

ஜியில் தொடங்கி அதே எண்களைப் போடுங்கள். ஜி, இரண்டு படி ஏ, இரண்டு படி பி, ஒரு படி சி, இரண்டு படி டி, இரண்டு படி இ. இப்போது மறுபடி இரண்டு படி வேண்டும். இயிலிருந்து ஒரு படி போனாலே எஃப் வந்துவிடுகிறது. இன்னொரு படி போனால் எஃப் ஷார்ப். அங்கிருந்து ஒரு படியில் ஜி. யாரோ போட்ட விதி அல்ல, எண்ணினால் தானாக அங்கே போய் விழுகிறது.

வெறும் எஃப்பையே வாசித்தால் என்ன ஆகும்? வாசித்துப் பாருங்கள். தப்பான ஸ்வரமாகக் கேட்காது, வேறு ராகமாகக் கேட்கும். நிஷாதம் ஒரு படி இறங்கிக் கைசிகி நிஷாதமாகி ஹரிகாம்போஜி ராகம் வந்துவிடும்.

எஃப் மேஜரில் வரும் கறுப்பைப் பி ஃப்ளாட் என்கிறார்கள். அது ஏ ஷார்ப்தானே?

ஃப்ளாட் என்றால் ஒரு படி கீழே, ஷார்ப் என்றால் ஒரு படி மேலே. கட்டை ஒன்றுதான், கீபோர்டில் சத்தமும் ஒன்றுதான். பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: ஏழு எழுத்தும் தலா ஒருமுறை வரவேண்டும். எஃப், ஜி, ஏ, பி ஃப்ளாட், சி, டி, இ. இதை ஏ ஷார்ப் என்று எழுதினால் ஏ இரண்டு முறை வரும், பி வராமலே போகும். ஒரே கோட்டில் ஏயும் ஏ ஷார்ப்பும் மாறி மாறி வந்தால் நோட்டேஷன் படிக்கிறவர் கதி என்ன ஆவது? ஒரே ஸ்வரஸ்தானத்தைச் சில ராகங்களில் சதுஸ்ருதி ரிஷபம் என்றும் சிலவற்றில் சுத்த காந்தாரம் என்றும் நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான்.

எல்லா ஸ்கேலையும் மனப்பாடம் செய்யவேண்டுமா?

எண் வரிசை தெரிந்தால் எதையும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மேடையில் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு.

அந்த எண்களை இரண்டாக வெட்டிப் பாருங்கள். ஸ ரி க ம: 2, 2, 1. அப்புறம் மவிலிருந்து பவுக்கு 2. அதன் பிறகு ப த நி ஸ: மறுபடி 2, 2, 1. பூர்வாங்கமும் (கீழ்ப் பாதி) உத்தராங்கமும் (மேல் பாதி) ஒரே அச்சு! ஆகவே சி மேஜரின் உத்தராங்கத்தை (ஜி, ஏ, பி, சி) அப்படியே எடுத்து, புதிய ஸ்கேலின் பூர்வாங்கமாக வைத்துக்கொள்ளலாம். அதுதான் ஜி மேஜர். பழைய பஞ்சமம் புதிய ஸட்ஜம். மேலே சேரும் பாதியில் ஒரே ஒரு ஸ்வரம்தான் புதிது, அதாவது நிஷாதம். பழைய மத்யமம் ஒரு படி ஏறி நிஷாதமாக உட்காருகிறது.

இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சிக்கு ஷார்ப் இல்லை. ஜிக்கு ஒன்று, டிக்கு இரண்டு, ஏக்கு மூன்று, இக்கு நாலு, பிக்கு ஐந்து, எஃப் ஷார்ப்புக்கு ஆறு. ஒவ்வொரு முறையும் பழைய ஷார்ப்புகள் அப்படியே இருக்கும், புதிதாக ஒன்று சேரும். எதிர்த் திசையில், சியிலிருந்து மத்யமம் மத்யமமாகப் போனால் ஃப்ளாட்டுகள் ஒவ்வொன்றாகச் சேரும்: எஃப்புக்கு ஒன்று, பி ஃப்ளாட்டுக்கு இரண்டு, இ ஃப்ளாட்டுக்கு மூன்று, ஏ ஃப்ளாட்டுக்கு நாலு, டி ஃப்ளாட்டுக்கு ஐந்து, ஜி ஃப்ளாட்டுக்கு ஆறு. கடைசியில் எஃப் ஷார்ப்பும் ஜி ஃப்ளாட்டும் ஒரே கட்டையில் சந்தித்துக்கொள்கின்றன. இந்த வட்டத்தைத்தான் சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ் என்று புத்தகங்களில் கடிகாரம் மாதிரி வரைந்திருப்பார்கள். படத்தை உருப்போடுவதைவிட ஒருமுறை கீபோர்டில் இப்படி நடந்து பார்ப்பது மேல்.

நோட்டேஷனின் தொடக்கத்தில் நாலைந்து ஷார்ப் போட்டிருக்கிறது. கீயைச் சட்டென்று எப்படிச் சொல்வது?

ஷார்ப்புகள் என்றால் கடைசியாக எழுதியிருக்கும் ஷார்ப்பைப் பாருங்கள். அதுதான் நிஷாதம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஒரு படி ஏறினால் ஸ. கடைசி ஷார்ப் டி ஷார்ப் என்றால் கீ, இ மேஜர். ஃப்ளாட்டுகள் என்றால் கடைசிக்கு முந்தைய ஃப்ளாட்டே கீயின் பெயர். ஒரே ஒரு ஃப்ளாட் இருந்தால் முந்தையது கிடையாது, அது எஃப் மேஜர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைனராகவும் இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம். அது அடுத்த கேள்வி.

மைனர் என்பது தனி ஸ்கேலா, மேஜரின் தம்பியா?

சி மேஜரின் அதே ஏழு வெள்ளைகளை ஏயிலிருந்து ஏ வரை வாசியுங்கள். ஏ மைனர், நம் கணக்கில் நடபைரவி. கட்டைகள் மாறவில்லை, வீடு மாறியிருக்கிறது. இந்த ஜோடியை ரிலேட்டிவ் மைனர் என்பார்கள். எந்த மேஜருக்கும் அதன் தைவதத்தில் ஒரு மைனர் குடியிருக்கும்: ஜி மேஜருக்கு இ மைனர், எஃப் மேஜருக்கு டி மைனர். ஏ மைனரில் ஜியை மட்டும் ஷார்ப் ஆக்கினால் ஹார்மோனிக் மைனர், அது கீரவாணி.

வீடு மாறினால் என்ன ஆகும் என்பதைக் காதால் உணர, கறுப்புக் கட்டைகளை மட்டும் வைத்து ஒரு விளையாட்டு உண்டு. எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாக்கி ஐந்து கறுப்புகளையும் வாசித்தால் மோகனம். அதே ஐந்தை ஜி ஷார்ப்பிலிருந்து வாசித்தால் மத்யமாவதி. ஏ ஷார்ப்பிலிருந்து ஹிந்தோளம், சி ஷார்ப்பிலிருந்து சுத்த சாவேரி, டி ஷார்ப்பிலிருந்து சுத்த தன்யாசி. இடது கையால் அந்தந்த ஸட்ஜத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பது முக்கியம். பிடிக்காவிட்டால் காது மறுபடி மோகனத்துக்கே ஓடிவிடும். கிரக பேதம் என்று நம்மவர்கள் கச்சேரியில் செய்துகாட்டுவதும் இதைத்தான்.

மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம், சரியா?

பாதி சரி. வேகம், தாளம், பாடுகிறவர் குரல் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். மைனரில் அமைந்த குத்துப்பாட்டுக்கு ஆடாதவர்களா நாம்?

பாட்டைக் கேட்டு கீயைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாட்டின் முதல் ஸ்வரம்தான் கீ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஏராளமான பாட்டுகள் பஞ்சமத்திலோ காந்தாரத்திலோ தொடங்குகின்றன.

நான் செய்வது இது. பல்லவி முடியும் இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, வாயை மூடி "ம்ம்" என்று ஒரு ஸ்வரத்தை இழுப்பேன். தம்புரா இருந்தால் அது எங்கே இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஸ்வரத்தைக் கீபோர்டில் தேடிப் பிடித்து, பாட்டை மறுபடி ஓடவிட்டு, அந்தக் கட்டையை அழுத்தியபடியே கேட்பேன். பாட்டு முழுக்க அது ஒத்துப்போனால் ஸ கிடைத்துவிட்டது. சிலசமயம் பஞ்சமமும் நன்றாக ஒத்துப்போய் ஏமாற்றும். அப்போது கேட்கவேண்டிய கேள்வி, "இங்கே பாட்டு முடிந்தால் முடிந்த மாதிரி இருக்கிறதா?" என்பதே.

அடுத்து காந்தாரம். ஸவிலிருந்து நாலு படி மேலே உள்ளதை வாசியுங்கள், அப்புறம் மூன்று படி மேலே உள்ளதை. எது பாட்டோடு ஒட்டுகிறது? நாலு என்றால் மேஜர் குடும்பம், மூன்று என்றால் மைனர் குடும்பம். சுத்த சாவேரி மாதிரி காந்தாரமே இல்லாத ராகத்தில் பாட்டு இருந்தால் இந்தச் சோதனை பலிக்காது.

கீ தெரிந்துவிட்டது. எந்த கார்டு வாசிப்பது?

ஸ்கேலில் ஒன்று விட்டு ஒன்று மூன்று ஸ்வரங்களை எடுத்தால் ஒரு கார்டு. ஸ க ப சேர்ந்தால் முதல் கார்டு. சி மேஜரில் இப்படி ஏழும் எடுத்தால் சி, எஃப், ஜி மூன்றும் மேஜர், டி, இ, ஏ மூன்றும் மைனர், பி மட்டும் டிமினிஷ்ட் (மைனரில் பஞ்சமம் ஒரு படி இறங்கியது). எந்த மேஜர் கீயிலும் இந்த வரிசை மாறாது. முதல், நாலாம், ஐந்தாம் கார்டுகளை வைத்தே ஏகப்பட்ட பாட்டுகளை ஒப்பேற்றிவிடலாம், ஆறாவது மைனரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நிறைய.

டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும்போது மற்ற ஸ்கேல்கள் எதற்கு?

தனியாக வாசிப்பதானால் தேவையில்லை என்றே சொல்வேன். கூட நாலு பேர் இருந்தால்தான் வம்பு. டிரான்ஸ்போஸை +2இல் வைத்துவிட்டுச் சி மேஜர் விரலில் வாசித்தால் வெளியே வருவது டி மேஜர். பேஸ் கிடார்காரர் எட்டிப்பார்த்து உங்கள் விரல் சியில் இருக்கிறது என்று சியைப் பிடித்துவிடுவார்.

ஒரு கல்யாண வரவேற்பில் முந்தைய பாட்டுக்கு வைத்த +3ஐ எடுக்க மறந்து அடுத்த பாட்டின் முன்னிசையை நான் கம்பீரமாக ஆரம்பித்தேன். புல்லாங்குழல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பாடகி நல்லவர், நான் வாசித்த சுருதியிலேயே எடுத்துவிட்டார். சரணத்தில் மேல் ஸ்வரம் எட்டாமல் அவர் பட்ட பாட்டுக்கு நான்தான் காரணம். அதற்குப் பிறகுதான் டி, இ, எஃப், ஜி, ஏ ஐந்தையும் விரலில் ஏற்றினேன்.

என் குரலுக்கு எத்தனை கட்டை?

பொதுவாக ஆண்கள் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும் பெண்கள் ஐந்திலிருந்து ஆறுக்குள்ளும் பாடுகிறார்கள். ஒலிபெருக்கி வராத நாடகக் காலத்தில் ஆண்களும் நாலு, ஐந்து கட்டைக்குப் போனார்கள். கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டுமே! உங்களுக்குச் சோதிக்க: ஒரு ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மந்தர பஞ்சமம் (கீழ்ப் ப) வரை இறங்குங்கள், தார காந்தாரம் (மேல் க) வரை ஏறுங்கள். கீழே காற்றாகிவிட்டால் கட்டையைக் கூட்டுங்கள், மேலே கழுத்து நரம்பு புடைத்தால் குறையுங்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாட்டில் இருவருக்கும் ஒரே கீ வசதியாக அமைவது அபூர்வம். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கவேண்டியதுதான்.

கீபோர்டு சுருதி சுத்தமில்லை என்று பாட்டு வாத்தியார் சொல்கிறார். உண்மையா?

உண்மைதான், ஆனால் கொஞ்சம்தான். கீபோர்டில் 12 படிகளும் சமமாக வெட்டப்பட்டவை. எந்தக் கட்டையை ஸட்ஜமாக்கினாலும் ஒரே மாதிரி ஒலிக்க அதுதான் வழி. அதற்குக் கொடுக்கும் விலை காந்தாரத்தில் தெரியும். நடு சி 261.63 ஹெர்ட்ஸ். தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் அதன் ஒன்றே கால் மடங்கு, அதாவது ஏறக்குறைய 327. கீபோர்டின் இ 329.63. காது பழகியவருக்கு அது கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். பஞ்சமம் பரவாயில்லை, 392.44 இருக்கவேண்டிய இடத்தில் 392.

இதோடு கமகமும் வராது என்பதால் 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தையே ஒதுக்கி வைத்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் தளர்த்தினார்கள். உங்கள் வாத்தியார் அந்த மரபில் வந்தவராக இருந்தால் வாதாடாதீர்கள். பாட்டுக்குத் தம்புரா, கார்டுக்குக் கீபோர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்கேலிலிருந்து பழகுவது, விரல் எப்படி?

சி, ஜி, டி, ஏ, இ ஐந்துக்கும் வலது கை விரல் ஒன்றே: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், பிறகு கட்டைவிரல் அடியில் புகுந்து நாலாவது ஸ்வரத்தைப் பிடிக்கும், மீதி நாலும் வரிசையாக. எஃப் மேஜரில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே நாலாவது ஸ்வரம் கறுப்பு, பி ஃப்ளாட். கட்டைவிரல் குட்டை, கறுப்பில் ஏறினால் கை கோணும். அதனால் மோதிரவிரல்வரை நாலு விரலையும் வாசித்துவிட்டு, ஐந்தாவது ஸ்வரமான சியில் கட்டைவிரலை நுழைக்கவேண்டும்.

புத்தகங்கள் சி மேஜரில் தொடங்குவது படிப்பதற்குச் சுலபம் என்பதால். கைக்கு அது சுலபமில்லை, எல்லா விரலும் ஒரே தரையில் கிடக்கிறது. பியானோ மேதையும் இசையமைப்பாளருமான ஷோபான் தம் மாணவர்களுக்கு முதலில் பி மேஜரைக் கொடுத்தார். ஐந்து ஷார்ப் என்று பயமுறுத்தினாலும் நீளமான விரல்கள் கறுப்புகளில் தாமாக உட்கார்ந்துகொள்ளும், கட்டைவிரலுக்கு பியும் இயும் வெள்ளையாகக் கிடைக்கும். வலது கை விரல் வரிசையும் சி மேஜருடையதே. இடது கை மட்டும் வேறு, அங்கே மோதிரவிரலில் தொடங்குங்கள்.